டைவிங் நாளில் உடற்பயிற்சி: எப்போது செய்யலாம், எப்போது கூடாது

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலருக்கு ஓட்டம், ஜிம், சைக்கிள் என்று ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கும். அவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி: "காலையில் டைவ் முடிந்துவிடும். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போய்வரலாமா?"

போகாதீர்கள் என்பதுதான் பதில். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, "டைவிங் பண்ணுகிறவர்கள் உடம்பை அலட்டிக்கொள்ளவே கூடாது போல" என்று பயிற்சியையே மூட்டை கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஒரே ஓட்டத்தை முந்தின நாள் ஓடினால் உடம்புக்கு நல்லது; தண்ணீரிலிருந்து ஏறிய ஒரு மணி நேரத்தில் ஓடினால் ஆபத்து. எவ்வளவு உழைக்கிறோம் என்பதைவிட எப்போது உழைக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் இந்தக் கட்டுரையையும் நேர வரிசையிலேயே கொண்டுபோகிறேன்.

முதலில் நைட்ரஜன் கணக்கு

காற்றில் ஏறக்குறைய 79 சதவீதம் நைட்ரஜன். தரையில் அது உள்ளே போய் வெளியே வருவதோடு சரி, நமக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறோம். அழுத்தம் கூடினால் நைட்ரஜன் ரத்தத்தில் அதிகமாகக் கரையும். ரத்தம் அதைத் தசை, கொழுப்பு, மூட்டு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கீழே இருக்கும்போது கடுமையாக உழைத்தால் தசைகளுக்குப் போகும் ரத்தம் கூடும், கூடவே நைட்ரஜன் சுமையும் கூடும்.

மேலே வரும்போது இதெல்லாம் திரும்பி நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். அழுத்தம் குறைகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாதபோது குமிழிகள் உண்டாகும். இந்தக் குமிழிகளால் வரும் கோளாறுக்குத்தான் அழுத்த நீக்க நோய் என்று பெயர். இதில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து நைட்ரஜன் சுமையைக் கணக்கிடும் சிறு கருவி) சொன்ன வரம்புக்குள் ஒழுங்காக டைவ் செய்தவரின் சிரைகளிலும் சின்னக் குமிழிகள் ஓடுவது சகஜம். அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சில் வைத்தால் தெரியும். டைவ் முடிந்து அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவை உச்சத்தில் இருக்கும். நுரையீரல் அவற்றை வடிகட்டி விடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அந்த நேரத்தில் கடும் உழைப்பு வந்தால் மூன்று வழிகளில் வினையாகலாம்.

முதலாவது, குமிழியின் எண்ணிக்கை கூடுவது. விரலில் நெட்டி முறிக்கும்போது சத்தம் வருகிறதே, அப்போது மூட்டின் இரண்டு பரப்புகள் சட்டென்று விலகி, இடையில் உள்ள திரவத்தில் வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. எம்.ஆர்.ஐ. படத்திலேயே இதைப் பிடித்திருக்கிறார்கள். கனமான எடையோடு உட்கார்ந்து எழும்போதும், ஓடும்போதும், குதிக்கும்போதும் மூட்டுகளிலும் தசைகளிலும் இதே மாதிரி நுண்குழிகள் உண்டாகும் என்று கருதப்படுகிறது. சாதாரண நாளில் அவை வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நைட்ரஜன் நிறைந்திருக்கும் உடம்பில் அவை குமிழிக்கு விதையாகின்றன.

இரண்டாவது, நுரையீரல் வடிகட்டி கசிவது. உழைப்பு ஏறஏற நுரையீரலில் சில குறுக்குப் பாதைகள் திறந்துகொள்ளும். குமிழிகள் வடிகட்டப்படாமல் அதன் வழியாகத் தமனிப் பக்கம் நழுவலாம்.

மூன்றாவது இதயம். கருவில் இருக்கும்போது இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே ஒரு சிறு திறப்பு எல்லோருக்கும் இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுவதும் மூடுவதில்லை. பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் தம் கட்டி, முக்கி ஒரு பாரத்தைத் தூக்கி, பிறகு மூச்சை விடும் அந்த நொடியில் வலப்பக்க அழுத்தம் கூடி அந்தக் கதவு திறக்கலாம். குமிழியோடு இருக்கும் ரத்தம் நேராக மூளைக்குப் போகும் பக்கம் தாண்டிவிடும்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் அறிவுரைகள் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சில வாரங்களுக்கு முன்: அடிப்படைத் தகுதி

டைவிங்கில் எடையில்லாமல் மிதப்பதால் உடல் தகுதி தேவையில்லை என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. எல்லாம் சரியாக நடக்கும்வரை அது உண்மைதான். நீரோட்டம் திரும்பினால், படகு தள்ளிப் போய்விட்டால், துணை டைவருக்குச் சதை பிடித்துக்கொண்டு அவரை நீங்கள் இழுத்து வரவேண்டி வந்தால் தெரியும் சங்கதி. டைவிங் மரணங்களில் இதயக் கோளாறு முக்கியமான காரணங்களில் ஒன்று. அதற்குத் தூண்டுகோலாக அமைவது பெரும்பாலும் எதிர்பாராமல் வரும் கடும் உழைப்பு.

தொடக்கநிலைப் பயிற்சியில் வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான்: நிற்காமல் 200 மீட்டர் நீச்சல், அல்லது மாஸ்க், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), ஸ்னார்க்கல் (மூச்சுக் குழாய்) போட்டுக்கொண்டு 300 மீட்டர், அப்புறம் 10 நிமிடம் மிதந்து காட்டவேண்டும். நேரக் கெடு கிடையாது. இதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகும் பேசும் நிலையில் இருக்கவேண்டும் என்பது என் சொந்த அளவுகோல்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் வேக நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள் எது முடிகிறதோ அதைச் செய்யுங்கள். ஃபின் போட்டு நீந்துவதற்கு இவை எதுவும் முழு மாற்று ஆகாது. கெண்டைக்காலும் இடுப்பு மடிப்பும் வேறு விதமாக வேலை செய்யும். நீச்சல்குளத்தில் ஃபின்னோடு 20 நிமிடம் நீந்திப் பழகினால் முதல் டைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளாது. 45 வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புகைப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மருத்துவப் படிவத்தில் "இல்லை, இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

முந்தின நாள்

2004-இல் குரோவேஷிய, நார்வே ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். டைவுக்கு 24 மணி நேரம் முன்பு ஒருமுறை தீவிரமாக ஓடிய டைவர்களுக்கு, அழுத்த அறைக்குள் நடத்திய செயற்கை டைவுக்குப் பிறகு குமிழிகள் குறைவாக இருந்தன. ஓடாமல் டைவ் செய்தபோது அதே ஆட்களுக்கு அதிகம். ரத்தக் குழாயின் உட்சுவரில் உடற்பயிற்சி ஏற்படுத்தும் மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பின்னால் வந்த சில சோதனைகளில், டைவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு மிதமாக ஓடியபோதும் குமிழி குறைந்தது.

அப்படியானால் டைவ் அன்று காலையில் ஓடிவிட்டு வரலாமா? நான் சொல்லமாட்டேன். சோதனையில் பங்கெடுத்தவர்கள் பயிற்சி பெற்ற, ஆரோக்கியமான ஆட்கள். புதியவர் ஒருவர் வெயிலில் ஓடி, வியர்த்து, நீர் வற்றி, களைப்போடு படகில் ஏறினால் கிடைக்கும் நன்மையைவிட நஷ்டம் அதிகம். டைவ் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்: கடும் பயிற்சிக்கும் டைவுக்கும் இடையே இரண்டு பக்கமும் 24 மணி நேரம் விடுங்கள். அந்த 24 மணிக்குள் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், மூட்டுகளில் அதிக விசை விழாததாகச் செய்யுங்கள். நிதான நடை, மெதுவான நீச்சல், லேசாக உடம்பை நீட்டிக்கொள்வது போதும்.

எடைப் பயிற்சியை முந்தின நாள் தவிர்க்க இன்னொரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைவலி அன்றே முழுதாகத் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். டைவ் முடிந்த மாலை தோளில் வலி என்றால் அது நேற்றைய டம்பெல்லா, இன்றைய குமிழியா? மருத்துவரையும் சேர்த்துக் குழப்புவீர்கள்.

காலையில், தண்ணீரில் இறங்கும் வரை

பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து 17 கிலோ வரும். பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), இடுப்பில் கட்டும் ஈய வெயிட் பெல்ட் எல்லாம் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். ஒரு நாளின் மிகப் பெரிய உடலுழைப்பு பலருக்கு இந்தச் சுமையோடு கரையில் நடப்பதுதான். டைவில் நடப்பதல்ல.

சிலிண்டரை முதுகை வளைத்துக் குனிந்து தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிவைத்து எழுந்திருங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் சுமந்து வீரம் காட்டத் தேவையில்லை, இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம். பிசிடியை பெஞ்சில் உட்கார்ந்தபடியோ, இன்னொருவர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளவோ மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு மூச்சு வாங்கினால் உடனே குதிக்க வேண்டாம். இரண்டு நிமிடம் நின்று, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு இறங்குங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தண்ணீர் குடிப்பது பற்றி: நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். டைவுக்குச் சற்று முன்னால் லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் மூழ்கியதும் கைகால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்கும். அதோடு குளிர், கடும் நீச்சல், தேவைக்கு மேல் குடித்த நீர் எல்லாம் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தண்ணீருக்குள் காரணமில்லாமல் மூச்சுத் திணறல், இருமல், நெஞ்சில் கரகரப்பு, இளஞ்சிவப்பு நுரை வந்தால் டைவை அங்கேயே முடித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று கீழேயே காத்திருக்கக் கூடாது.

தண்ணீருக்குள்

சோம்பேறிதான் நல்ல டைவர். மெதுவாக ஃபின் அடிப்பவரின் சிலிண்டர்தான் கடைசிவரை வரும்.

ஒரு சின்னக் கணக்கு. நிதானமாக இருப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடுமையாக நீந்தினால் அதுவே எளிதாக 50 லிட்டருக்குப் போகும். 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம், ஆகவே நிமிடத்துக்கு 200 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) இருந்தால் மொத்தம் 2,200 லிட்டர். அதாவது 11 நிமிடத்தில் சிலிண்டர் காலி, மேலே வருவதற்கு வைத்திருக்க வேண்டிய காற்றையும் சேர்த்து.

காற்று தீர்வது மட்டுமல்ல. ஆழத்தில் காற்று அடர்த்தியாகிவிடுவதால் இழுத்து விடுவதே ஒரு வேலை. உழைக்க உழைக்க கரியமில வாயு உடம்பில் தேங்கும். தேங்கினால் தலைவலி, பதற்றம் வரும்; ஆழத்தில் நைட்ரஜனால் வரும் போதை போன்ற மயக்கமும் கூடும். அதனால் நீரோட்டம் இருந்தால் முதல் பாதியை அதற்கு எதிராகவும், திரும்பி வரும்போது அதோடு சேர்ந்தும் போங்கள். தரையை ஒட்டி ஓட்டம் குறைவாக இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கினால் துணைவருக்கு நில் என்று சைகை காட்டி, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வெளியே விடுவதில்தான் கவனம் இருக்கவேண்டும். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். காற்றை மிச்சம் பிடிப்பதாக நினைத்து மூச்சை இடையிடையே நிறுத்துவது எதிர்விளைவையே தரும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஃபின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் விட்டுவிடும்.

கீழே வழக்கத்தைவிடக் கஷ்டப்பட்டிருந்தால், கம்ப்யூட்டர் சரி என்று காட்டினாலும் சீக்கிரம் மேலே வாருங்கள். உங்கள் கால்கள் எவ்வளவு உழைத்தன என்பது பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குத் தெரியாது.

சோம்பேறியாக இருங்கள் என்பதற்கு மேலே வரும் நேரம் மட்டும் விதிவிலக்கு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்கும்போது கல் மாதிரி தொங்க வேண்டாம். கால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் ரத்த ஓட்டம் நைட்ரஜனை வெளியேற்ற உதவும். விண்வெளி வீரர்கள் விண்வெளி நடைக்கு முன் இதே யுக்தியைக் கையாண்டிருக்கிறார்கள். 2001-இல் அட்லாண்டிஸ் பயணத்தின்போது, தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்து நைட்ரஜனை வேகமாக வெளியேற்றும் முறை முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. அங்கே குமிழி உண்டாவதற்கு முன்பே உழைப்பு நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏணிதான் பெரிய சோதனை

மூன்று நிமிட நிறுத்தத்தைச் சுத்தமாகச் செய்துவிட்டு, அடுத்த நிமிடமே 25 கிலோவை முதுகில் சுமந்து ஆடும் ஏணியில் தம் கட்டி ஏறுகிறோம். நைட்ரஜன் முழுக்க உள்ளே இருக்கிறது, மூட்டில் முழு விசை, மூச்சு அடக்கம். மேலே சொன்ன மூன்று வினையும் ஒரே இடத்தில்.

இதை எளிதாக்க வழி உண்டு. மேற்பரப்புக்கு வந்ததும் பிசிடியில் காற்றை ஏற்றி ஒரு நிமிடம் சும்மா மிதங்கள். படகுக்குத் தள்ளி வந்துவிட்டால் வேகமாக நீந்தி எட்டிப் பிடிக்காதீர்கள். சைகை காட்டி அவர்களை வரச்சொல்லுங்கள், அல்லது கயிறு போடச் சொல்லுங்கள். படகின் ஓரத்தில் முதலில் வெயிட் பெல்ட்டைக் கழற்றி மேலே கொடுங்கள், அடுத்து பிசிடியைச் சிலிண்டரோடு. ஏணியைப் பிடித்துக்கொண்ட பிறகே ஃபின்னைக் கழற்றுங்கள். அப்புறம் மூச்சை விட்டுக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுங்கள். முக்கல் முனகல் வந்தால் அடக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கொந்தளிப்பில் கருவிகளைக் கழற்ற முடியாத நிலை வரும். அப்போது படகு ஊழியரிடம் சிலிண்டரின் தலையைப் பிடித்துத் தூக்கிவிடச் சொல்லுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஏறிய பிறகு நங்கூரம் இழுப்பது, காலிச் சிலிண்டர்களை அடுக்குவது போன்ற வேலைகளை டைவ் செய்யாதவர்களிடம் விட்டுவிடுங்கள். உதவி செய்யும் மனது நல்லதுதான், ஒரு நாள் கழித்துச் செய்யலாம்.

அடுத்த சில மணி நேரங்கள்

முதல் இரண்டு மணி நேரம் நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பேசிக்கொண்டு மெதுவாக நடங்கள். அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ந்திருந்தால் துவட்டி உடை மாற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கும் வெந்நீர்க் குளியலும் சூடான தொட்டியும் உடனே வேண்டாம். சூடேறிய தோலில் கரைந்திருக்கும் வாயு சீக்கிரம் பிரிந்து குமிழியாகும்.

கடுமையான பயிற்சிக்கு 24 மணி நேரம் விடுவது பாதுகாப்பான கணக்கு. ஓட்டம், எடைப் பயிற்சி, கடற்கரையில் குதித்து விளையாடும் பந்தாட்டம் எல்லாம் இதில் அடங்கும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்யும் பயணத்தில் ஜிம்மை மறந்துவிடுங்கள். ஒரு வாரத்தில் உடம்பு ஒன்றும் கரைந்துவிடாது. முடியவே முடியாது என்பவர்கள் நடுவில் ஒரு நாள் டைவ் இல்லாமல் வைத்துக்கொண்டு, அன்று காலையில் லேசாக ஏதாவது செய்யலாம்.

உழைப்பு மாதிரியே தெரியாத சிலவும் இந்தப் பட்டியலில் உண்டு. மூச்சடக்கி டைவ் செய்வது ஒன்று: சிலிண்டர் டைவ் முடிந்தபின் தம் பிடித்து ஆழம் போய்வந்தால் குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கி நுரையீரல் வடிகட்டியைத் தாண்டலாம். அழுத்திப் பிடித்துவிடும் மசாஜ் இன்னொன்று; அதில் வரும் வலி வேறு எதையும் மறைத்துவிடும். மலையேற்றம் மூன்றாவது. அதில் உழைப்பும் இருக்கிறது, உயரமும் இருக்கிறது; உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறையும். விமானப் பயணத்துக்கான இடைவெளியை 600 மீட்டருக்கு மேல் ஏறுவதற்கும் கடைப்பிடியுங்கள்: மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம், கட்டாய நிறுத்தங்களோடு கூடிய டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம்.

வலி வந்தால்

அழுத்த நீக்க நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ளும், ஏறக்குறைய எல்லாமே 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிந்துவிடும். தோள், முழங்கை, முழங்காலில் ஆழமான குடைச்சல், தோலில் அரிப்போடு கூடிய திட்டுகள், கைகால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, அசாதாரணக் களைப்பு, தலைச்சுற்றல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இவற்றில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். தசைவலி தொட்டால், அசைத்தால் கூடும்; குமிழி வலி பெரும்பாலும் அப்படிக் கூடாது என்பார்கள். இதை நம்பி நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

சந்தேகம் வந்த உடனே படுக்க வைத்து, நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, டைவ் மருத்துவ அவசர எண்ணை அழையுங்கள். அறிகுறி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சரியாகிவிடும் என்று மறுபடி தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். அழைக்கும்போது ஆழம், நேரம், டைவ்களின் எண்ணிக்கையோடு, முன்னும் பின்னும் என்ன உழைப்பு நடந்தது என்பதையும் சொல்லுங்கள்: நேற்று ஜிம்மில் எந்தப் பயிற்சி, ஏணியில் எதைச் சுமந்து ஏறினீர்கள், அதற்கப்புறம் எதைத் தூக்கினீர்கள். டைவ் குறிப்பேட்டில் ஆழத்துக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கி வைத்தால், வலியோடு கிடக்கும்போது ஞாபகத்தைத் துழாவ வேண்டியிருக்காது.